ஐஸ் பெட்டிக்குள் போகாத போன்

செங்கல்வராயன் மாமாவின் போனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குப் பாதி எரிச்சலும் பாதி சிரிப்பும் வரும். எரிச்சல் எதற்கென்றால், அதைப் புகழ ஆரம்பித்தால் மனிதர் வாயை மூட மாட்டார். சிரிப்பு எதற்கென்றால், அவர் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். அவர் வீடும் என் வீடும் ஒட்டி ஒட்டி இருக்கும். இரண்டு பேருக்கும் வலைதான் பிழைப்பு. ஊரில் எல்லார் கையிலும் தேய்க்கிற போன் வந்துவிட்டது. மாமா கையில் மட்டும் மடக்குகிற போன். கருஞ்சிவப்பு நிறம். விளிம்பில் சாயம் போய் உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப் பார்க்கும். பொத்தான்களில் பாதிக்கு மேல் எழுத்து அழிந்துவிட்டது. அவருக்கு எழுத்து வேண்டியதில்லை, விரலுக்கே வழி தெரியும்.

அதை வாங்கப் பொன்னேரிக்கு அவரை நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். பழைய போன் விற்கும் கடை. கடைக்காரர் நாலைந்து போன்களை எடுத்து வைத்து, இதில் இத்தனை ஜிபி, அதில் இத்தனை மெகாபிக்சல் என்று மூச்சுவிடாமல் சொன்னார். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கொஞ்சம் தண்ணி குடு தம்பி” என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று கடைக்காரர் பாட்டிலை நீட்டினார். மாமா அதை இரண்டு கையிலும் ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஒவ்வொரு போனாக எடுத்து என் நம்பரை அழுத்த ஆரம்பித்தார்.

கடைக்காரர் முகம் போன போக்கை நான் மறக்கவே மாட்டேன். பெரிய போன்கள் எல்லாம் மூன்றைத் தொட்டால் ஒன்பதைக் காட்டின. ஒன்று தானாகவே கேமராவைத் திறந்து கடைக்காரரின் பயந்த முகத்தைக் காட்டியது. மடக்கு போன் மட்டும் சொன்ன நம்பருக்குப் போனது. என் சட்டைப் பையில் மணி அடித்தது.

அத்தோடு விட்டாரா? லுங்கி மடிப்பில் போனைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்தார். என் வண்டியை ஸ்டார்ட் செய்து முறுக்கச் சொல்லி, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே நின்று வீட்டுக்குப் பேசினார். லோகநாயகி அத்தை மறுமுனையில் கத்தியது தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டது.

“படகு இன்ஜின் ஓடும்போது கேக்கணும் மாப்ள. மத்ததெல்லாம் எனுக்கு இன்னாத்துக்கு?” என்றார்.

அன்றிலிருந்து புகழ்ச்சிதான். வலை சீர் செய்யும்போது, மீன் ஏலம் விடும்போது, கல்யாணப் பந்தியில், எங்கே பார்த்தாலும் அந்தப் பேச்சு. மூடி இருப்பதால் உப்புத் தண்ணீர் பொத்தானில் தெறிக்காது. ஒரு கையில் கயிறு இருந்தால் மறு கைக் கட்டைவிரல் ஒன்றே போதும், திறந்துவிடலாம். யார் கூப்பிடுகிறார்கள் என்று மூடிக்கு மேலேயே தெரியும். பிடிக்காத ஆள் என்றால் திறக்கவே வேண்டாம். ஒரு தடவை சார்ஜ் போட்டால், போட்டதையே மறந்துபோகும் அளவுக்கு ஓடும்.

“சண்ட போட்டா படக்குனு மூடலாம். ஒங்க போனுல சண்டைய எப்புடிடா முடிப்பீங்க? தேச்சிக்கினே இருக்கணும்” என்பார்.

குறையையும் மறைக்க மாட்டார், அது வேறு விஷயம். கேமரா ஒன்று உண்டு, இறால் கண் அளவுக்கு. அதில் ஒரு பொங்கலன்று அத்தையைப் படம் பிடித்தார். படத்தில் அத்தையும் பின்னால் சாத்தியிருந்த அரிசி மூட்டையும் ஒரே மாதிரி விழுந்திருந்தன. அதை அவர் என்னிடம் காட்டிச் சிரிக்க, அத்தை அவரோடு பேசாமலே பண்டிகையை முடித்தாள்.

அவர்களுக்கு ஒரே பெண், நிவேதா. காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு எதிராகக் கொடி பிடித்த மாமா, அந்தத் துறைமுகத்திலேயே வேலை பார்க்கும் சுபாஷுக்குத்தான் பெண்ணைக் கொடுத்தார். கேட்டால், “கொடி துறைமொகத்துக்கு, பொண்ணு பையனுக்கு” என்று சிரிப்பார். நிவேதாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மாமா போனைப் புகழ்வதை நிறுத்தினார். எங்களுக்கும் கிண்டல் செய்ய மனம் வரவில்லை. மறுபடி அவள் உண்டானதும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இனி எங்கள் ஊர்க் குலுக்கலைச் சொல்ல வேண்டும். ஏரியில் வலை போட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அவற்றைப் பாடு என்போம். முகத்துவாரத்துக்குப் பக்கத்துப் பாட்டில் இறால் கொட்டும்; சேத்துமூலைப் பாட்டில் சேறுதான் கொட்டும். அதனால் கோயில் முன்னால் கூடி, பானைக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு பாடு எடுப்போம். கல்யாணமான ஆண்பிள்ளைக்குத்தான் பங்கு. அவனே வந்து அவன் கையாலேயே எடுக்க வேண்டும். மகன் இல்லாதவனுக்கு மருமகன் எடுக்க முடியாது. எடுத்த சீட்டைப் பிரித்துச் சபையில் சொன்ன பிறகுதான் அடுத்தவன் பானையில் கை விடலாம். வராதவனுக்கு அந்தச் சுற்றே கிடையாது.

இதற்கு மேல் இன்னொரு சட்டம் புதிதாக வந்தது. காரணம் பிரவீன் என்கிற புண்ணியவான். குலுக்கலை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் பார்த்து, அந்தப் பாடு எங்களுடையது, இந்தப் பாடு எங்களுடையது என்று கிளம்ப, இறால் காலம் முழுக்கப் பஞ்சாயத்திலேயே போனது. தலைவர் உலகநாதன் பொறுமையான மனிதர். அவரே பொறுமை இழந்தார். குலுக்கல் நேரத்தில் எல்லாருடைய போனும், அவருடையதும் சேர்த்து, மீன் ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும் என்று சட்டம் போட்டார். ஐஸ் இல்லாத பெட்டிதான். ஆனால் போன்கள் அதற்குள் கிடந்து மாறி மாறிக் கத்தும்போது, உயிரோடு எதையோ அடைத்து வைத்த மாதிரி இருக்கும்.

நான் சொல்லவந்த குலுக்கல் அன்று விடிகாலையில் நிவேதாவுக்கு வலி எடுத்தது. நாள் இன்னும் தள்ளி இருந்ததால் யாரும் எதிர்பார்க்கவில்லை. அத்தையும் சுபாஷும் அவளைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டியில் ஏற்றினார்கள். மாமாவும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தைதான் தடுத்தாள்.

“பொழுது சாய்வுலதான் ஆவும்னு டாக்டரு போன்ல சொல்றாங்க. நீ சீட்ட எடுத்துட்டு வா. ஆனா ரத்தம் தேவப்பட்டாலும் படும், ஒன்னோட ரத்தந்தான் அவளுக்குச் சேரும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அது சட்டுனு வெளிய கெடைக்காதாம். நான் போன் போட்டா எடுக்கணும். அந்தப் பாழாப்போன பொட்டியில மட்டும் போட்டுடாத.”

நிவேதா வண்டிக்குள்ளிருந்து, “நைனா, போன திறந்தே வெச்சிரு” என்றாளாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு மாமா போனை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார்.

சபை கூடியது. ஐஸ் பெட்டி வந்தது. எல்லாரும் போட்டோம். பெட்டி மாமாவிடம் வந்ததும் அவர் லுங்கி மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தலைவரே, பொண்ணு ஆஸ்பத்திரில கீது. போன் வரும். இத்த மட்டும் வுட்டுடுங்க.”

உலகநாதன் அந்த லுங்கி மடிப்பைப் பார்த்தார். “கேமரா கீதா அதுல?”

இல்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மடக்கு போனில் கேமரா இருக்குமென்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு அவரை ஓங்கிக் குத்தலாம் போல இருந்தது. மாமா சொன்னார்: “கீது தலைவரே. ஆனா இல்லாத மாதிரிதான்.”

“இல்லாத மாதிரின்னா இன்னா? எடுத்துக் காட்டு.”

அப்புறம் நடந்ததுதான் பரீட்சை. மாமா தலைவரையே படம் பிடித்தார். போன் கை மாறிக் கை மாறிச் சபை முழுக்கச் சுற்றியது. கோயில் தூண் என்றார் ஒருவர். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி என்றார் இன்னொருவர். பிரவீன் மட்டும் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து, “தலைவரு மீச தெரியுது” என்றான். தலைவருக்கு மீசை கிடையாது. சபை சிரித்து அடங்கச் சற்று நேரமானது.

அடுத்து ரெக்கார்டு ஆகுமா என்று கேட்டார்கள். “அலோ” என்று ஒருவர் சொல்ல, திரும்பப் போட்டால் காற்றடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. இன்டர்நெட் உண்டா என்று பிரவீன் ஏதோ பொத்தானை அமுக்கப் போக, “டேய், அத்த அமுக்காத, பேலன்ஸ் பூடும்!” என்று மாமா பாய்ந்தார்.

உலகநாதன் போனை வாங்கித் திறந்து மூடித் திறந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. ஓரமாக டீக்கடை போட்டிருந்த இந்திராணி அக்காவைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஒரு ஸ்டிக்கர் பொட்டு குடும்மா.”

அக்கா தன் நெற்றியிலிருந்தே உரித்துக் கொடுத்தாள். தலைவர் அதைக் கேமராக் கண் மேல் ஒட்டி அழுத்தினார். போனைத் திறந்தபடி தன் முன்னாலேயே பானைக்குப் பக்கத்தில் வைத்தார். “வர்ற போனு ஸ்பீக்கர்லதான். எல்லார் காதுலயும் வுழணும். சரியா?”

“சரி தலைவரே” என்று மாமா உட்கார்ந்தார். அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

குலுக்கல் தொடங்கியது. வயது வரிசைப்படி எடுப்பது வழக்கம் என்றாலும், அந்தத் தடவை இளைய பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டிய முறை. நான் எடுத்தேன், நடுத்தரமான பாடுதான் வந்தது. பிரவீனுக்கு முகத்துவாரம் விழுந்தது, அவன் அதிர்ஷ்டம் அப்படி. அப்போது போன் அடித்தது. சபையே நிமிர்ந்தது. மாமா எட்டி அமுக்கினார். இனிமையான குரலில் ஒரு பெண் அவருக்குக் கடன் வேண்டுமா என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

இன்னும் சில பேர் எடுத்தார்கள். மறுபடி அடித்தது. இந்தத் தடவை அத்தை.

“வாய்யா. ரத்தம் வேணுமாம். சீக்கிரம் வா.”

அவ்வளவுதான் பேசினாள். மாமா போனை எடுத்து மடக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பானையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் முறை வர இன்னும் பல பேர் இருந்தார்கள். ஒரு சுற்று முழுவதும் ஏரியில் அவருக்கு இடம் இல்லாமல் போகப் போகிறது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும், அவருக்குத்தான் அந்த நினைப்பே இல்லை. நான் ஓடிப் போய் வண்டியை எடுத்தேன். அவர் பின்னால் ஏறினார்.

வண்டி நகர்வதற்குள் யாரோ என் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். உலகநாதன். இடுப்பில் பானை.

“கைய வுடு செங்கலு.”

“தலைவரே, நேரமில்ல…”

“வாயில பேசுற நேரத்துல எடுத்துடலாம். வுடு கைய!”

முறை மாறி எடுக்கிறாரே என்று பின்னால் ஒரு குரல் கிளம்பியது. “யாருக்காச்சும் ஆட்சேபணை கீதா?” என்று தலைவர் திரும்பாமலே கேட்டார். அந்தக் குரல் அடங்கிவிட்டது. மாமா பானைக்குள் கையை விட்டு எதையோ பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். நான் வண்டியை விட்டேன்.

வழியெல்லாம் அவர் வலது கை என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. முஷ்டியைத் திறக்கவே இல்லை. “பிரிச்சிப் பாருங்க மாமா” என்றேன். “சபையில சொல்லாம பிரிக்கக் கூடாது மாப்ள” என்றார். இந்த நேரத்திலும் சட்டம் பேசுகிறாரே என்று எனக்கு வந்த கோபத்தை வண்டி மேல் காட்டினேன். பொன்னேரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நர்ஸம்மா அவரைப் படுக்க வைத்து வலது கையைப் பிடித்தாள். “கைய விரிங்க ஐயா” என்றாள். “விரிக்க முடியாதும்மா” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்புடியே இறுக்கி மூடி வெச்சிருங்க, எனுக்கும் அதான் வேணும்” என்று ஊசியைப் போட்டாள்.

அப்புறம் காத்திருப்பு. அந்த வராந்தாவில் மாமாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். சுபாஷ் சுவரைப் பார்த்து நின்றான். முதல் தடவையும் இதே வராந்தாவில்தான் நின்றானாம். உள்ளே மாமா படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; நிவேதா பேரைத் தவிர வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை. ஏரி, பாடு, வலை எல்லாம் எங்களுக்கு வேறு யாருடையதோ போல் ஆகிவிட்டது.

கடைசியில் கதவு திறந்தது. அத்தை வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பேத்தி. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ஏற்றிய ரத்தம் நேரத்துக்கு வந்தது என்று டாக்டர் சொன்னாராம். சுபாஷ் சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதான். நானும் அழுதேன், சொல்வதற்கு என்ன.

மாமாவிடம் சொல்ல உள்ளே போனோம். அவர் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ரத்தம் கொடுத்த களைப்பு, காலையிலிருந்து சாப்பிடாத களைப்பு, எல்லாம் சேர்ந்துகொண்டது. கண்ணீர் காதோரம் வழிந்தது. அத்தை அவர் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்தச் சமயத்தில்தான் போன் அடித்தது. மூடிக்கு மேல் உலகநாதன் பேர்.

குலுக்கல் முடிந்து வீட்டிலிருந்து விசாரிக்கிறார் என்று நினைத்தேன். திறந்து ஸ்பீக்கரில் போட்டு, “உதயா பேசுறேன் தலைவரே” என்றேன்.

“உதயா, கொழந்த எப்புடிக் கீது? நிவேதா எப்புடிக் கீறா?”

“நல்லாக் கீறாங்க தலைவரே. பொண்ணு.”

மறுமுனையில் ஒரே கூச்சல். ஒருத்தர் குரல் இல்லை, சபையே அங்கே இருந்தது. நான் திகைத்துப் போய், “இன்னும் முடியலையா?” என்றேன்.

“எப்புடிடா முடியும்? செங்கலு சீட்டு இன்னும் சபையில படிக்கல. படிக்காம அடுத்த ஆளு எப்புடி கை வுடுறது? குந்திக்கினு கீறோம் எல்லாரும். பெட்டிய நான்தான் திறந்தேன். சட்டம் நான் போட்டது, நானே ஒடச்சேன். அவன பேசச் சொல்லு.”

காலையில் கூடிய சபை சோறு தண்ணி இல்லாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆட்சேபணைக் குரல் கொடுத்தவரும் அங்கேதான். வெயில் ஏறி இறங்கியும் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. மாமா அதைக் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. முஷ்டியை மட்டும் அத்தையிடம் நீட்டினார்.

எங்கள் குலுக்கலில் பெண்பிள்ளைகள் உட்காருவதில்லை. சீட்டைத் தொட்டதும் இல்லை. அத்தை ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள். மரத்துப் போயிருந்ததால் அவை சுலபத்தில் பிரியவில்லை. உள்ளே வியர்வையில் ஊறிப்போன சின்னக் காகிதம். அதைத் தன் முந்தானையில் ஒற்றிப் பிரித்துப் போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“லோகநாயகி பேசுறேன். அவரால எய்ந்திருக்க முடியல. நான் படிக்கட்டுமா?”

நான் போனை அத்தையின் வாயருகே நீட்டிப் பிடித்தேன்.

“படிம்மா” என்றார் உலகநாதன்.

“சேத்துமூலை.”

சபை முனகியது. ஐயோ, பாவம், அவனுக்கா என்று பல குரல்கள் கலந்து வந்தன. ஒரு குரல் மட்டும் துணிந்து, தன் முகத்துவாரத்தில் மாமா தன்னோடு வலை போடட்டும் என்றது. அது பிரவீன் மாதிரி இருந்தது. அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேத்தியின் அழுகை கேட்க ஆரம்பித்திருந்தது.

“எடம் எப்புடி இருந்தா இன்னா, அத்த அப்பறம் பேசிக்கலாம்” என்றாள் அத்தை. “எம் பொண்ணும் பேத்தியும் நல்லாக் கீறாங்க. நீங்க மீதிச் சீட்ட எடுத்துட்டு, எல்லாரும் ஊட்டுக்குப் போயி வயிறாரச் சாப்புடுங்க.”

“சரிம்மா” என்றார் தலைவர்.